துப்பாக்கி வெடிப்பதற்கு முன்

கல்லறைத் தோட்டம் ஒன்றின் நடுவே வட்டமான ஒரு களம். அதில் மூன்று பேர் முக்கோணமாக விலகி நிற்கிறார்கள். மூவர் இடுப்பிலும் துப்பாக்கி. 1966-இல் வெளியான ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ படத்தின் உச்சக் காட்சி இது. சுடும் வேலை கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. அதற்கு முந்தைய காத்திருப்புதான் நிமிடக் கணக்கில் நீள்கிறது. யாரும் பேசுவதில்லை, யாரும் இடத்தைவிட்டு ஓடுவதில்லை. ஆனாலும் பார்ப்பவருக்கு உள்ளங்கை வியர்க்கிறது. ஒன்றுமே நடக்காத அந்த நிமிடங்களுக்குள் ஒளியியலும் கணக்கும் இசையும் எத்தனை வேலை செய்கின்றன தெரியுமா?

படச்சுருளிலிருந்து தொடங்குவோம். 35 மில்லிமீட்டர் சுருளின் இரு ஓரங்களிலும் வரிசையாகத் துளைகள் இருக்கும். கேமராவுக்குள் இருக்கும் சிறு கொக்கி அந்தத் துளையில் மாட்டிச் சுருளைக் கீழே இழுக்கும். வழக்கமாக ஒரு சட்டகத்துக்கு, அதாவது ஒரு தனிப் படத்துக்கு, நான்கு துளை உயரம். நொடிக்கு 24 சட்டகம் என்றால் நிமிடத்துக்கு 27 மீட்டர் சுருள் தீரும். இரண்டு நகரப் பேருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால்கூட அவ்வளவு நீளம் வராது. இந்தப் படத்தைத் தந்த இத்தாலியில், பணம் குறைவாக இருந்த தயாரிப்பாளர்களுக்கு இது பெரும் செலவு. அங்கே இருந்த டெக்னிகலர் நிறுவனக் கிளை 1960-களின் தொடக்கத்தில் ஒரு வழி கண்டுபிடித்தது. நான்கு துளைக்குப் பதில் இரண்டே துளை இழுத்தால் போதும். அதன் பெயர் டெக்னிஸ்கோப். 305 மீட்டர் சுருள் 11 நிமிடத்தில் தீராமல் 22 நிமிடம் ஓடியது.

சட்டகத்தின் உயரம் பாதியானது, அகலம் அப்படியே இருந்தது. ஆகவே படம் தானாகவே அகலத்திரைக்கு ஏற்ற வடிவத்துக்கு வந்துவிட்டது. சிக்கனத்துக்காகச் செய்த மாற்றம், பாலைவனத்தை அள்ளிக்கொள்ளும் அகலத்தைக் கையில் கொடுத்தது.

அதைவிடப் பெரிய லாபம் முகங்களுக்குக் கிடைத்தது. அதற்கு முன் அகலத்திரைக்கு ஹாலிவுட் நம்பியிருந்தது சினிமாஸ்கோப்பை. தமிழில் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடு வந்ததும் அதே சினிமாஸ்கோப்தான். அதில் அனமார்ஃபிக் என்ற லென்ஸ், காட்சியைப் பக்கவாட்டில் இறுக்கிச் சுருளில் பதிக்கும்; தியேட்டர் லென்ஸ் அதை மறுபடி விரித்துக் காட்டும். 1950-களின் லென்ஸ்களில் ஒரு கோளாறு இருந்தது. நடிகர் மிக அருகில் வந்தால் இறுக்கம் குறைந்துவிடும், விரிப்போ குறையாது. விளைவு, திரையில் கன்னம் உப்பித் தெரியும். படப்பிடிப்புக் குழுவினர் இதைப் பொன்னுக்குவீங்கி என்றே அழைத்தார்கள். அழகான நட்சத்திரங்களுக்கு இப்படி வந்தால் யார் பொறுப்பார்கள்? ஒளிப்பதிவாளர்கள் நெருங்கிப்போகவே தயங்கினார்கள்.

டெக்னிஸ்கோப் சாதாரண லென்ஸில் படம் பிடித்தது. ஆய்வகத்தில்தான் இறுக்கும் வேலை. எனவே அந்தக் கல்லறைக் காட்சியை எடுத்த இயக்குநர் செர்ஜியோ லியோனி எவ்வளவு நெருங்கினாலும் முகம் உப்பவில்லை. நெற்றியிலிருந்து மூக்குவரை மட்டும், அதையும் தாண்டி இரண்டு கண்கள் மட்டும் என்று திரையை நிரப்பினார். இன்னொரு வசதியும் சேர்ந்தது. சினிமாஸ்கோப்பில் கிடைக்கும் அதே அகலத்தை இதில் பாதிக் குவியத்தூரம் கொண்ட லென்ஸிலேயே பிடிக்கலாம். குவியத்தூரம் குறைந்தால் அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் சேர்ந்தே தெளிவாகத் தெரியும். முன்னால் ஒரு தொப்பி விளிம்பு, தொடுவானத்தில் ஒரு குதிரை, இரண்டுமே கூர்மை!

இந்த வசதியை லியோனி எப்படிக் கையாண்டார் என்பதற்கு ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’யின் முதல் காட்சியே சாட்சி. வெறிச்சோடிய வறண்ட நிலம், தூரத்து மலை. எதுவும் அசைவதில்லை. சட்டென்று வெயிலில் வெந்த முரட்டு முகம் ஒன்று பக்கத்திலிருந்து நுழைந்து திரை முழுவதையும் மறைத்துக்கொள்கிறது. தாடி மயிர், தழும்பு, வியர்வைத் துளி. மலை இருந்த இடத்தில் இப்போது மூக்கு! முதல் வசனம் வருவதற்கே அதன்பின் பத்து நிமிடம் ஆகிறது.

இந்தப் படத்தில் விசித்திரமான விதி ஒன்றும் உண்டு. சட்டகத்துக்கு வெளியே இருப்பதைப் பாத்திரங்களாலும் பார்க்க முடியாது. திறந்த வெளியில் நடந்துபோகும் இருவர், பெரிய ராணுவ முகாம் ஒன்றைப் பக்கத்தில் போய் இடறும்வரை கவனிப்பதே இல்லை. நடைமுறையில் இது சாத்தியமற்றது. ஆனால் கேமரா காட்டாததால் நமக்கும் அது உறுத்துவதில்லை.

மீண்டும் கல்லறைக்கு வருவோம். இருவர் மோதினால் கணக்கு எளிது: முந்திச் சுட்டவன் பிழைப்பான். மூவர் என்றால் தலைகீழ். முதலில் சுடுபவன் ஒருவனை வீழ்த்தும் நேரத்தில் மற்றவனுக்கு இரையாகிறான். ஆட்டக் கோட்பாடு, அதாவது போட்டியில் எடுக்கும் முடிவுகளை ஆராயும் கணிதத் துறை, இந்த மும்முனைச் சண்டையை ஒரு தனிப் புதிராகவே வைத்திருக்கிறது. குறி தவறாத இருவரும் ஒருவரையொருவர் முதலில் தீர்த்துக்கட்டப் பார்ப்பதால், மூவரில் மோசமாகச் சுடுபவனுக்கே பிழைக்கும் வாய்ப்பு கூடுதலாக அமையலாம் என்பது அதன் வியப்பான விடைகளில் ஒன்று. மூன்று ஜோடிக் கண்கள் மாறி மாறி அளப்பது இந்தக் கணக்கைத்தான். ஆகவே அங்கே காத்திருப்பதுதான் புத்திசாலித்தனம்.

படத்தொகுப்பு அந்தக் காத்திருப்பை முறுக்குகிறது. முதலில் மூவரும் புள்ளிகளாகத் தெரியும் அகன்ற காட்சி. பிறகு ஆள், தோள், முகம், கை, கண். சட்டகத்துக்குள் விழும் பரப்பு சுருங்கச் சுருங்க ஒவ்வொரு துண்டின் நேரமும் சுருங்குகிறது. அசையாமல் நிற்கும் மனிதர்களுக்கு வேகம் கொடுப்பது கத்தரிக்கோல்.

இசையமைப்பாளர் என்னியோ மோரிக்கோனியும் இல்லாமையைத்தான் மூலதனமாக்கினார். லியோனியோடு அவர் சேர்ந்து 1964-இல் வந்த முதல் படத்துக்குப் பெரிய வாத்தியக்குழு அமர்த்தப் பணமில்லை. அவர் சீழ்க்கையையும் சாட்டைச் சொடுக்கையும் மின்கிட்டாரையும் சேர்த்தார். அடுத்த படத்தில் ஒலிப்பது நம் கச்சேரி மேடை மோர்சிங்கின் உறவுக்கருவி. மூன்றாவதான இந்தப் படத்தில் கொயோட்டி என்ற ஓநாய் இன விலங்கின் ஊளையை ஒத்த ஒரே மெட்டு மூவருக்கும்: நல்லவனுக்குப் புல்லாங்குழல், கெட்டவனுக்கு ஒக்காரினா என்ற மண் ஊதல், அவலட்சணமானவனுக்கு மனிதக் குரல்.

ஒலியும் முழுக்கக் கைவேலை. நடிகர்கள் அவரவர் மொழியில் பேசி நடித்தார்கள்; சத்தம் எல்லாம் பிறகு ஸ்டூடியோவில் சேர்க்கப்பட்டது. ஒரு பூட்ஸ் கிரீச்சிட்டால் யாரோ அதைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். 1968-இல் வந்த ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ படத்தின் ரயில் நிலையக் காட்சியில் இந்த முறை உச்சம் தொட்டது: முனகும் காற்றாலை, தொப்பியில் சொட்டும் நீர், முகத்தில் ஊரும் ஈ. அங்கே இசையே இல்லை. என்னைக் கேட்டால், லியோனியின் மிகச் சிறந்த பத்து நிமிடங்கள் அவைதாம்.

தொடக்கத்தில் பார்த்த, அமெரிக்கக் கதை நடக்கும் அந்தக் கல்லறைத் தோட்டம் ஸ்பெயினின் புர்கோஸ் பகுதியில் ராணுவ வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட செட். சுமார் 5,000 பொய்க் கல்லறைகள். பிறகு புல்லும் மண்ணும் மூடிப்போன களத்தை, 2015 முதல் ரசிகர்கள் மண்வெட்டியோடு வந்து தோண்டி மீட்டார்கள். இன்று அங்கே போய் நடுவட்டத்தில் நிற்கலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். அந்த உச்சக் காட்சியை முதலில் ஒலி இல்லாமல் பாருங்கள். அடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இசையை மட்டும் கேளுங்கள். மூன்றாவது முறை இரண்டையும் சேர்த்து, முடிந்தவரை பெரிய திரையில்.