ஒட்டுத்துணிக் கோட்டு

அமெரிக்காவின் கண்ட்ரி பாடல் என்றால், பெரும்பாலும் அதற்குள் ஒரு கதை இருக்கும். டாலி பார்ட்டன் 1971-இல் வெளியிட்ட 'கோட் ஆஃப் மெனி கலர்ஸ்' அவருடைய சொந்தக் கதை.

டென்னசி மலைப்பகுதியில் 12 பிள்ளைகள் உள்ள ஏழைக் குடும்பம், டாலி நாலாவது. கோட்டு வாங்க வழியில்லாததால், கிடைத்த துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைத்தார் அம்மா. தைக்கும்போதே பைபிளில் வரும் யோசேப்பின் பலவருண அங்கிக் கதையையும் சொன்னார். பெருமை பொங்க அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனால், அங்கே ஒரே கேலி!

இந்தப் பாட்டை டாலி எழுதியது சுற்றுப்பயணப் பேருந்தில். அவசரத்துக்குக் காகிதம் கிடைக்கவில்லை. உடன் பாடிவந்த போர்ட்டர் வாகனரின் மேடை உடைகள் சலவைக்குப் போய் வந்திருந்தன. அந்த ரசீதின் பின்பக்கத்தில் எழுதினார். ஜிகினா மின்னும் கோட்டின் ரசீதில் கந்தல் கோட்டின் பாட்டு! எந்தக் கதாசிரியருக்கும் இது தோன்றியிருக்காது.

2011-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இதைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. வாகனரோ, பாட்டு பிரபலமானதுமே அந்த ரசீதுக்குச் சட்டம் போட்டுவிட்டார்.