கலையாத அலை

1834 ஆகஸ்ட். ஸ்காட்லாந்தில் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில் இரண்டு குதிரைகள் இழுத்துவந்த படகு சட்டென்று நின்றது. அது தள்ளிவந்த தண்ணீர் நிற்கவில்லை. சுமார் 30 அடி நீளம், ஒன்றரை அடி உயரத்துக்கு ஒற்றை மேடாகத் திரண்டு தன்பாட்டுக்கு ஓடியது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பொறியாளர் ஜான் ஸ்காட் ரஸ்ஸல் குதிரைமேல் பின்தொடர்ந்தார். மணிக்கு 8, 9 மைல் வேகம். ஒன்றிரண்டு மைல் போன பிறகுதான் கால்வாயின் வளைவுகளில் அதைத் தவறவிட்டார்.

அந்தக் கால்வாயின் கரைப்பாதைக்கு அடியில் பிற்காலத்தில் எடின்பரோ–கிளாஸ்கோ ஒளியிழைக் கேபிளைப் பதித்தார்கள். தற்செயல்தான்; சொல்லாமல் விட மனம் வரவில்லை.

இழைக்குள் அனுப்பும் ஒளித்துடிப்பு ஒரே நிறம் அல்ல. மிக நெருங்கிய பல நிறங்களின் கூட்டம். கண்ணாடியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேகம். பாதயாத்திரைக் கூட்டம் போலத்தான்: கிளம்பும்போது ஒன்றாக, நாலாம் நாள் நாலு ஊரில். துடிப்பு அகன்று பக்கத்துத் துடிப்போடு கலந்தால் எது 1, எது 0 என்று தெரியாது.

இதற்கு மருந்தும் அதே கண்ணாடியில் இருக்கிறது. ஒளி வலுவாக இருக்கும் இடத்தில் கண்ணாடியின் ஒளிவிலகல் எண் துளி கூடும். கெர் விளைவு என்பார்கள். அதனால் துடிப்பின் முன்பகுதி சற்றுச் சிவப்புப் பக்கமும் பின்பகுதி நீலப் பக்கமும் நகரும். தொலைத்தொடர்புக்குப் பிடித்தமான 1.55 மைக்ரான் அலைநீளத்தையொட்டி, சாதாரண இழையில் சிவப்புப் பக்கம் மெதுவாகவும் நீலப் பக்கம் வேகமாகவும் போகும். ஆக முன்னால் போவது பின்தங்கும், பின்னால் வருவது எட்டிப்பிடிக்கும். துடிப்பின் அகலமும் வலிமையும் சரியாகப் பொருந்தினால் அது கலையவே கலையாது. இதுதான் சாலிட்டான்; ரஸ்ஸல் துரத்திய அலையும் இதே இனம்தான்.

பெல் ஆய்வகத்தில் அகிரா ஹசெகாவாவும் ஃபிரெடரிக் டாப்பர்ட்டும் 1973-இல் இதைக் கணக்கில் காட்டினார்கள். கண்ணால் காண 1980 ஆனது. 1988-இல் லின் மோலனாரும் கெவின் ஸ்மித்தும் 42 கிலோமீட்டர் இழை வளையத்தில் சுற்றவிட்டே 4,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினார்கள்.

அப்புறம் ஏன் எல்லாக் கேபிளிலும் சாலிட்டான் இல்லை? வழியிலுள்ள ஒளிப்பெருக்கிகளின் இரைச்சல் துடிப்பின் நிறத்தை லேசாக அசைக்கும். நிறம் அசைந்தால் வந்துசேரும் நேரமும் முன்பின்னாகும். இதற்குள் வேறு வழிகள் முந்திக்கொண்டன. இன்றைய நெடுந்தூரக் கேபிள்களில் துடிப்பைப் போகிற போக்கில் அகல விட்டுவிடுகிறார்கள். அழகில் ரஸ்ஸலின் அலைக்கு இது ஈடில்லை என்பேன். ஆனால் மறுமுனையில் இருக்கும் சில்லு கணக்குப் போட்டே அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறது.