பொட்டலத்தின் முகமும் முதுகும்

நம் தேசத்தார் உண்பதையும் உழைப்பதையும் பற்றி வெளிவந்துள்ள கணக்குகள் கவலை தருவன. 2022-ல் இந்தியாவில் வயது வந்தோரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குப் போதிய தேகப் பயிற்சி இல்லையென்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2024-ல் தெரிவித்தனர். ஸ்திரீகளில் நூற்றுக்கு 57 பேர் இந்நிலையினர். நீரிழிவுடையோர் 10 கோடிக்கு மேலென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆய்வு 2023-ல் கூறிற்று.

இதற்கு ஜனங்களின் சோம்பலும் நாவின் சபலமுமே காரணமென்பார் உளர். நாம் அதை ஒப்போம். நடக்கப் பாதையில்லாத நகரத்தில் நடக்கச் சொல்வதும், ஆலைப் பண்டங்களிலுள்ள சர்க்கரை, உப்பு, கொழுப்பின் அளவைப் பொட்டலத்தின் முதுகில் பொடியெழுத்தில் அச்சிட்டுவிட்டுப் பார்த்து வாங்கச் சொல்வதும் நியாயமாகுமா?

சிலி தேசத்தார் 2016 முதல் இவை மிகுந்த பண்டங்களின் முகப்பிலேயே கறுப்பு எண்கோணக் குறியிடச் செய்தனர். பள்ளிகளில் அவற்றை விற்பதையும் தடுத்தனர். நமது உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளோ 2022-ல் வெளியிட்ட நகல் விதிகளில் நக்ஷத்திரங்கள் வழங்க முன்வந்தனர். நக்ஷத்திரம் புகழ்ச்சியின் அடையாளம், அது எச்சரிக்கையாகாது. ஒரே நக்ஷத்திரம் பெற்ற பிஸ்கோத்தும் குழந்தையின் கண்ணுக்குப் பரிசு பெற்றதாகவே தோன்றும்.

எழுத்தறியாத தாயும் பார்த்த மாத்திரத்தில் உணரத்தக்க எச்சரிக்கைக் குறியே வேண்டும். அதைச் சட்டம் கட்டாயமாக்க வேண்டும். நகரசபைகள் நடைபாதையும் விளையாட்டு மைதானமும் அமைத்துத் தரவேண்டும். இவ்விரண்டையும் செய்த பின்னரே ஜனங்களுக்கு உபதேசிக்கும் யோக்கியதை சர்க்காருக்கு உண்டாகும்.