சகடை செய்யாத வேலை

எங்கள் ஊர் வீட்டுக் கிணற்றில் சகடை கிறீச்சிடத் தொடங்கினால் அம்மாச்சி எழுந்துபோய் நாலு சொட்டு விளக்கெண்ணெய் விட்டுவிட்டு வருவாள். "இழுக்குற பலத்துல பாதியை இதுவே தின்னுரும்" என்பாள். பாதி என்பது கொஞ்சம் மிகை. மற்றபடி அவள் சொன்னது உராய்வைப் பற்றித்தான் என்பது பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வந்தபோது புரிந்தது.

அதே வகுப்பில் இன்னொன்றும் சொன்னார்கள், அதைத்தான் நம்ப முடியவில்லை. கிணற்றுக்கு மேலே தொங்கும் ஒற்றைச் சகடை நம் சுமையில் ஒரு கிராம்கூடக் குறைப்பதில்லை. 10 லிட்டர் தண்ணீரை வெறும் கயிற்றால் தூக்கினாலும் 10 கிலோ கனம்தான், சகடையில் போட்டு இழுத்தாலும் 10 கிலோ கனம்தான். உராய்வுக்கான கப்பம் தனி. பிறகு எதற்காக அதை மாட்டியிருக்கிறோம்?

சகடை இல்லாத கிணற்றில் ஒரு வாளி சேந்திப் பார்த்தால் தெரிந்துவிடும். குனிந்து, கயிற்றைக் கை மாற்றி மாற்றி மேலே தூக்கும்போது அத்தனை கனமும் முதுகிலும் தோளிலும் வந்து உட்காருகிறது. சகடை செய்வது ஒன்றே ஒன்று: மேல்நோக்கித் தூக்க வேண்டியதைக் கீழ்நோக்கி இழுக்கும்படி திருப்பிவிடுகிறது. கீழே இழுப்பதற்கு நம் உடம்பின் எடையே துணைக்கு வருகிறது. 50 கிலோ உடம்பைக் கயிற்றில் கொஞ்சம் சாய்த்தால் 10 கிலோ வாளி தானாக ஏறி வரும். வேலை குறையவில்லை, வேலை செய்யும் உறுப்புதான் மாறியிருக்கிறது.

அந்த வேலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிடலாம். 10 கிலோ தண்ணீர் 10 மீட்டர் உயர வேண்டுமென்றால் ஏறக்குறைய 980 ஜூல். நம் தசைகள் சோற்றிலிருந்து எடுக்கும் ஆற்றலில் கால் பங்கைத்தான் அசைவாக மாற்றுகின்றன, மீதி உடம்புச் சூடாகப் போய்விடும். ஆக வாளிக்கு ஒரு கிலோ கலோரி செலவு. எந்த இயந்திரத்தை மாட்டினாலும் அந்த 980 ஜூலில் தள்ளுபடி கிடையாது. கருவிகளைக் கொண்டு இயற்கையை ஏமாற்றிவிடலாம் என்று நம்பிக்கொண்டிருந்த பொறியாளர்களுக்கு கலீலியோ 1600ஆம் ஆண்டு வாக்கில் எழுதி விளக்கியது இதைத்தான்.

தள்ளுபடி இல்லாவிட்டாலும் தவணை உண்டு. வாளியோடு சேர்ந்து ஏறும்படி இன்னொரு சகடையைக் கட்டினால் 5 கிலோ பலத்தில் இழுத்தால் போதும், ஆனால் 10 மீட்டருக்குப் பதில் 20 மீட்டர் கயிறு இழுக்க வேண்டும். லாரியில் பீப்பாய் ஏற்றச் சாய்த்துப் போடும் பலகையும், பாறையைப் புரட்டும் கடப்பாரையும் இதே தவணைக் கடைதான்.

ஏற்றம் இதற்கு நேர் எதிரான வியாபாரம் செய்தது. யாழ்ப்பாணத்தில் அதைத் துலா என்பார்கள். நட்ட கால்களின் மேல் ஒரு நீண்ட மரம், அதன் ஒரு முனையிலிருந்து கிணற்றுக்குள் இறங்கும் சால். ஏற்றம் மிதிப்பவர் மரத்தின் மேலேயே நடப்பார். கிணற்றுப் பக்கம் நடந்தால் சால் தண்ணீருக்குள் இறங்கும், பின்பக்கம் நடந்தால் ஏறும். சால் தொங்கும் முனை, அவர் நிற்கும் இடத்தைவிட அச்சிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி இருக்கிறது என்று வையுங்கள். 60 கிலோ ஆள் 30 கிலோவைத்தான் தூக்க முடியும். பலத்தில் பாதி நட்டம். ஆனால் அவர் 2 மீட்டர் தாழ்ந்தால் சால் 4 மீட்டர் உயர்ந்துவிடும். அவர் கையால் எதையும் தூக்குவதே இல்லை. சாய்ந்த மரத்தில் தன் உடம்பைத் தானே ஏற்றிக்கொண்டு நடக்கிறார், அவ்வளவுதான். மனித உடம்பிலேயே பெரிய தசைகள் தொடையிலும் இடுப்பிலும் இருக்கின்றன. அந்தத் தசைகளை நீர் இறைக்க வைத்தவன் லேசுப்பட்டவன் இல்லை.

எனக்குப் பிடித்தது கமலை. மாடுகள் கிணற்றிலிருந்து விலகிச் சரிவில் இறங்கும், அவற்றின் எடையும் சேர்ந்து வடத்தை இழுக்கும். ஓட்டுபவரும் சும்மா நடக்க மாட்டார், வடத்தின் மேல் ஏறி உட்கார்ந்து தன் எடையையும் கணக்கில் சேர்ப்பார். அதைவிடக் கெட்டிக்காரத்தனம் வடத்தின் முனையில் தண்ணீர் அள்ளிவரும் கூனையில் இருக்கிறது. அதன் அடியில் தோலால் ஆன வால் ஒன்று உண்டு. கூனையைத் தடித்த வடமும் வாலின் நுனியை மெல்லிய கயிறும் இழுக்கும். ஏறும்போது வால் மேல்நோக்கி மடங்கியிருப்பதால் தண்ணீர் ஒழுகாது. வடம் உயரத்தில் உள்ள சகடை வழியாகவும் வால்கயிறு கிணற்று விளிம்பில் உள்ள உருளை வழியாகவும் ஓடுகிறது. அதனால் மேலே வந்ததும் கூனை இன்னும் உயர, வால் மட்டும் விளிம்போடு வெளியே இழுபட்டு நீண்டு, தண்ணீர் வாய்க்காலில் தானாகவே கொட்டிவிடும். கிணற்றடியில் ஆளே வேண்டாம்.

இன்று 5 எச்.பி. மோட்டாரின் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. ஓர் ஆள் நாள் முழுக்கத் தொடர்ந்து தரக்கூடியது 75 வாட் அளவுதான், எனவே அந்தப் பொத்தானுக்குப் பின்னால் 50 பேர் நிற்கிறார்கள் என்று கொள்ளலாம். நோகாமல் இறைக்க முடிந்ததால் ஆழத்தைப் பற்றிய கவலை போய்விட்டது. ஆழ்துளைக் கிணறுகள் 1,000 அடியையும் தாண்டுகின்றன. அங்கிருந்து வரும் ஒவ்வொரு லிட்டருக்கும் எங்கள் பழைய 10 மீட்டர் கிணற்றைப் போல 30 மடங்கு வேலை. அந்த 980 ஜூல் கணக்கு அப்படியேதான் இருக்கிறது, செலவு நம் முதுகில் தெரிவதில்லை.

எங்கள் கிணற்றுக்குச் சகடை வந்தது பிற்பாடுதானாம். அதற்கு முன் எத்தனை பேர் கயிற்றை விளிம்புக் கல்லில் உரசவிட்டு இழுத்தார்களோ! கருங்கல்லில் வரிசையாக ஐந்தாறு பள்ளங்கள். ஒன்றில் விரலை வைத்தால் பாதி உள்ளே போகும். அம்மாச்சி அந்தக் கல்லில்தான் விளக்கெண்ணெய்க் கிண்ணத்தை வைப்பாள்.