அண்ணளவாக்க அல்கோரிதம்

மாணவர்களே! “அண்ணளவு” என்றதும் பலர் “குத்துமதிப்பு” என்று எழுதிவிடுகின்றனர். அது தவறு. ஏன் என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் பார்ப்போம்.

பதுளைப் பகுதித் தோட்டமொன்றில் ஐந்து இடங்களில் கொழுந்து நிறுத்து வைக்கப்பட்டுள்ளது. தொழிற்சாலைக்கு ஏற்றிச்செல்ல லொறிகள் இரண்டே உண்டு. ஐந்து நடைகளுக்கும் முறையே 30, 30, 20, 20, 20 நிமிடங்கள் செல்லும் எனக் கொள்வோம். கொழுந்து சாக்கில் அதிக நேரம் கிடந்தால் சூடேறிப் பழுதாகும். எனவே கடைசி நடை இயன்றளவு விரைவில் முடிய வேண்டும்.

ஒவ்வொரு நடைக்கும் இரு தெரிவுகள். ஆகவே பங்கிடும் வழிகள் 2×2×2×2×2 = 32. எல்லாவற்றையும் எழுதிப் பார்த்துவிடலாம். ஆனால் 30 நடைகள் எனில் வழிகள் 107 கோடிக்கும் மேல்! இத்தகைய பங்கீட்டுப் பிரச்சினை கடினமான வகையைச் சேர்ந்தது என 1972 இல் ரிச்சர்ட் கார்ப் காட்டினார். எல்லாச் சந்தர்ப்பங்களிலும் மிகச் சிறந்த விடையை விரைவாகத் தரும் முறை இன்றுவரை கண்டறியப்படவில்லை.

அப்படியானால் என்ன செய்வது?

படிமுறை:
1. நடைகளை நேரத்தின் இறங்குவரிசையில் எழுதுக.
2. முதலில் ஓய்வாகும் லொறிக்கு அடுத்த நடையைக் கொடுக்க.
3. நடைகள் முடியும்வரை படி 2 ஐ மீளச் செய்க.

முதல் லொறி: 30 + 20 + 20 = 70
இரண்டாம் லொறி: 30 + 20 = 50
எல்லா வேலையும் முடிய 70 நிமிடம்.

இது எவ்வளவு நல்ல விடை? மொத்த நேரம் 120 நிமிடம், லொறிகள் இரண்டு. எனவே எவர் பங்கிட்டாலும் 60 நிமிடத்துக்கு முன் முடிக்க இயலாது. மிகச் சிறந்த விடையைக் காணாமலே, நமது விடை அதிலிருந்து 10 நிமிடத்துக்கு மேல் விலகவில்லை என்று சொல்ல முடிகிறது. (30 + 30, 20 + 20 + 20 எனப் பிரித்தால் 60 கிடைக்கும்.)

இரண்டு லொறிகள் எனில், இம்முறையின் விடை மிகச் சிறந்த விடையின் 7/6 மடங்கை ஒருபோதும் தாண்டாது. இதனை 1969 இல் ரொனால்ட் கிரஹம் நிறுவினார். நமது உதாரணத்தில் 60 × 7/6 = 70; அதாவது எல்லையையே தொட்டுவிட்டோம்.

நினைவிற் கொள்க: குத்துமதிப்புக்கு உத்தரவாதம் இல்லை. அண்ணளவாக்க அல்கோரிதத்துக்கு நிறுவப்பட்ட எல்லை உண்டு.

பயிற்சி: நடைகள் 50, 40, 30, 30, 30 நிமிடங்கள் எனில் இம்முறைப்படி எப்போது முடியும்? மிகச் சிறந்த விடை யாது?
(விடை: 100 நிமிடம்; 90 நிமிடம்)