அட்டை வரைந்த உடுப்பு

குமுளியிலிருந்து தேக்கடிக்குப் போகும் சாலையில் ஏலக்காயும் மிளகும் நேந்திரங்காய் வறுவலும் விற்கிற கடைகளுக்கு நடுவே, சில கடைகளில் ஒரு துணிப்பை ஜோடி ஜோடியாகத் தொங்கும். தலையணை உறையைப் பூட்ஸ் வடிவத்துக்கு வெட்டித் தைத்ததுபோல இருக்கும். மேல் விளிம்பில் பாவாடை நாடா மாதிரி ஒரு நாடா. முதல் தடவை பார்க்கிறவர்கள் இது எதற்கு என்று கேட்காமல் நகர்வதில்லை. அட்டைச் சாக்ஸ். மழைக்காலத்தில் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் நடக்கப் போகிறவர்கள் முதலில் மாட்டிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

காட்டு நடை, மலையேற்றம், சைக்கிள், மரங்களுக்கிடையே தட்டெறிந்து ஆடும் விளையாட்டு என்று வெளிப்புற ஆட்டக்காரர்களுக்கான உடுப்புகளைத் தைத்து விற்க ஆசைப்படும் இளைஞர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். திருப்பூர் பக்கத்தில் இருக்கும்போது அந்த ஆசை வராமல் இருந்தால்தான் வியப்பு. ஆனால் பேசிப் பார்த்தால் பெரும்பாலும் டி-சர்ட்டில் ஆரம்பிக்கிறார்கள். மார்பில் என்ன படம், எந்த நிறம், என்ன வாசகம் என்று. காலிலிருந்து ஆரம்பியுங்கள் என்பதுதான் நான் அவர்களிடம் சொல்வது. நம் மலைக்கு என்ன உடுப்பு வேண்டும் என்பதை அந்த நாடா வைத்த சாக்ஸ் சொல்லித் தரும் அளவுக்கு எந்த வெளிநாட்டு அட்டவணையும் சொல்லித் தராது.

அந்தச் சாக்ஸைப் புரிந்துகொள்ள அட்டையைப் பார்க்க வேண்டும். நம் மலைகளில் உள்ளவை ஹீமாடிப்சா என்ற பேரினத்தைச் சேர்ந்த தரை அட்டைகள். பசியோடு இருக்கும் அட்டை ஓர் அங்குல நீளம், தீக்குச்சியைவிட மெலிவு. உதிர்ந்த இலையின் ஓரத்தில் பின்பக்க உறிஞ்சியை ஊன்றிக்கொண்டு, முன்பக்கத்தைக் காற்றில் நீட்டி வட்டமாக ஆட்டும். கண்கள் ஐந்து ஜோடி உண்டு. ஆனால் நம் வருகையை அது அறிவது காலடி அதிர்விலும் உடல் சூட்டிலும் நாம் விடும் மூச்சின் கரியமில வாயுவிலும்தான். நின்று பார்த்தால் நாலு பக்கத்திலிருந்தும் வளைந்து வளைந்து, சாண் போட்டு அளப்பதுபோல, நம்மை நோக்கி வரும். மூன்று தாடைகளால் கடிக்கும். கடித்தது பெரும்பாலும் தெரிவதில்லை. ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை உள்ளே செலுத்துவதால், குடித்து முடித்து அது விழுந்த பிறகும் ரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். மருத்துவ அட்டையிடம் அப்படி ஒரு பொருள் இருப்பதை ஜான் ஹேக்ராஃப்ட் 1884இல் கண்டறிந்தார். பின்னர் அதற்கு ஹிருடின் என்று பெயர் வந்தது. ரத்தம் கட்டுவதைத் தடுக்க மருத்துவமனைகளில் இன்று பயன்படும் சில மருந்துகள் அதைப் பின்பற்றி உருவானவை. தரை அட்டையிடம் இருப்பது ஹீமாடின் என்ற வேறு பொருள். செய்யும் வேலை ஒன்றேதான்.

உடுப்பு தைக்கிறவருக்கு இதில் இரண்டு செய்திகள் முக்கியம். அட்டை பெரும்பாலும் கீழிருந்து மேலே ஏறுகிறது. எலும்பில்லாத உடம்பு என்பதால் எந்தச் சிறு துளையிலும் முன்பக்கத்தை நுழைத்துவிடுகிறது.

நாம் தினமும் போடும் சாக்ஸ் பனியன் துணி. ஒரே நூலை வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியது. இழுத்தால் நீளுவது அந்த வளையங்கள் விரிவதால்தான். கெண்டைக்காலில் இழுத்து மாட்டும்போது ஒவ்வொரு வளையமும் ஒரு ஜன்னலாகத் திறந்துகொள்கிறது. அட்டைக்கு அது போதும். அட்டைச் சாக்ஸுக்கு வேண்டியது தறித்துணி. பாவும் ஊடையும் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் நெருக்கமான காடாத் துணியில் விரிவதற்கு வளையம் கிடையாது. இன்னொரு நன்மையும் உண்டு. பருத்தி இழை நனைந்தால் உப்பும். நெருங்கி நெய்த துணியில் இழைகள் உப்பும்போது இடைவெளி மேலும் அடைபடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், குளிர்ந்த கடலில் விழும் விமானிகளைக் காப்பாற்ற, மான்செஸ்டரின் ஷெர்லி ஆய்வகத்தில் உருவான வென்டைல் என்ற துணி இந்தக் குணத்தை வைத்துத்தான் தண்ணீரைத் தடுத்தது. குமுளிக் கடையில் தொங்கும் காடா அவ்வளவு நேர்த்தியானதல்ல, தத்துவம் அதேதான்.

வெட்டும் முறையையும் கவனியுங்கள். பக்கவாட்டில் வெட்டிய இரண்டு துண்டுகளைச் சேர்த்துத் தைத்த எளிய வடிவம். தையல் உள்ளங்காலுக்கு நடுவில் வந்துவிட்டால் இரண்டு மணி நேர நடையில் கொப்புளம் நிச்சயம். ஓரத்தில் ஒதுங்கியிருக்க வேண்டும். தறித்துணி நீளாது என்பதால் கால் நுழைய இடம்விட்டு லொடலொடவென்று வெட்டவேண்டும். நழுவாமல் நிறுத்துவது மேலே உள்ள நாடா. அதைக் கெண்டைக்காலின் புடைப்புக்கு மேலே, முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கட்டவேண்டும். புடைப்பின்மேல் கட்டினால் பத்தடியில் இறங்கிவிடும்.

போடும் வரிசை அதைவிட முக்கியம். முதலில் சாதாரண சாக்ஸ், பேண்ட்டின் அடியை மடித்து ஒதுக்கி அதன்மேல் அட்டைச் சாக்ஸ், அதன்மேல் ஷூ. அழகுக்காகப் பேண்ட்டை வெளியே இறக்கிவிட்டால் அட்டை சாக்ஸின்மேல் ஏறி, பேண்ட்டுக்குள் நுழைந்து, நேராகத் தொடைக்குப் போய்விடும். முதல் மழைக்கால நடையில் நானும் அப்படித்தான் இறக்கிவிட்டிருந்தேன். விடுதிக்குத் திரும்பிப் பார்த்தபோது தொடையில் மூன்று இடத்தில் ரத்தம் வடிந்துகொண்டிருந்தது. ஒரு உடுப்பை எப்படிப் போடவேண்டும் என்பதும் அதைத் தைப்பவரின் வேலையில் சேர்ந்தது என்று அன்றிலிருந்து நம்புகிறேன்.

நிறத்தில் ஒரு முரண்பாடு இருக்கிறது. காட்டுக்குள் பளிச்சென்ற உடை வேண்டாம், பச்சையோ காக்கியோ போட்டு வாருங்கள் என்பார்கள். யானையும் காட்டுமாடும் நம்மைப் போலச் சிவப்பைப் பிரித்தறிவதில்லை. ஆனால் இருண்ட பசுமைக்குள் வெள்ளைச் சட்டை எந்தக் கண்ணுக்கும் தனியாகத் தெரியும். புழுதி என்ற பொருள் தரும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த காக்கி இங்கே பெயருக்கேற்ற நிறம். காலுக்கோ நேரெதிர் தேவை. கறுத்த அட்டை ஏறுவதைக் கண்டுபிடித்துச் சுண்டிவிட வேண்டுமானால் சாக்ஸ் வெளிறியிருக்க வேண்டும். ஆக இடுப்புக்கு மேலே இலையும் மண்ணும், முழங்காலுக்குக் கீழே வெளுப்பும் சாம்பலும் என்று மலையே நிறத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

காலுக்கு இவ்வளவு நல்ல பருத்தி முதுகுக்கு ஆகாது என்பதுதான் நான் வியந்த விஷயம். கம்பம் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 400 மீட்டர் உயரம், மழை மறைவுப் பகுதி. மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்து பெரியாறு மின்நிலையத்தின் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி மலைப்பாதை ஏறிக் குமுளி சேர்ந்தால் 900 மீட்டரை நெருங்கிவிடுவோம். அடிவாரத்தில் வெயில், மேலே தென்மேற்குப் பருவமழை. உயரத்தால் மட்டுமே மூன்று டிகிரி குறையும். ஏறும்போது வேர்த்து, நின்றதும் மூடுபனியில் விறைக்கிற இடம் இது. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் எட்டரை சதவீதம் நீரைத் தனக்குள் வைத்துக்கொள்கிறது. பாலியஸ்டர் வைத்துக்கொள்வது 0.4 சதவீதம்தான். வேர்வையில் நனைந்த பருத்திச் சட்டை முதுகோடு ஒட்டிவிடும். காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், ஒட்டிய சட்டை உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நுண்ணிய பாலியஸ்டர் இழைகளால் பின்னிய துணியிலோ, திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் வேர்வை ஏறி வெளிப்பரப்பில் பரவி உலர்கிறது. நூல் நீரைக் குடிக்காமல் கடத்திவிடுகிறது.

அதற்காக முழுச் சட்டையையும் பாலியஸ்டரில் தைக்கச் சொல்லமாட்டேன். அதில் வேர்வை நாற்றம் சீக்கிரம் தங்கும். தீப்பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஒவ்வொரு சலவையிலும் பிளாஸ்டிக் துகள் ஆற்றுக்குப் போகும். முதுகிலும் அக்குளிலும் மட்டும் அந்தப் பின்னல் துணி, முள்ளும் பையின் வாரும் உரசும் தோளுக்குத் தறித்துணி என்று பிரித்துத் தைப்பது மேல். சொரசொரப்பான, பிசிறு எழுந்த துணி எங்கேயும் கூடாது. நாயுருவி விதைகள் அதில் அப்பிக்கொண்டால் உதறினாலும் போகாது. இப்படித் துணியில் ஒட்டிய விதைகளை 1941இல் நுண்ணோக்கியில் பார்த்த சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால்தான் வெல்க்ரோவைக் கண்டுபிடித்தார்.

அடுத்தது மழை. மழைச்சட்டைக்காரர்கள் கோர்-டெக்ஸ் வகைத் துணிகளைப் பெருமையாகச் சொல்வார்கள். பாப் கோர் 1969இல் டெஃப்லானைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தபோது அது எண்ணற்ற நுண்துளைகள் கொண்ட படலமாக நீண்டது. மழைத்துளி நுழைய முடியாத, நீராவி மட்டும் வெளியேறக்கூடிய துளைகள். அருமையான கண்டுபிடிப்பு. ஆனால் நீராவியை வெளியே தள்ளுவது உள்ளுக்கும் வெளிக்கும் இடையிலுள்ள நீராவி அழுத்த வேறுபாடு. குளிர்நாட்டில் அது அதிகம். ஆடி மாதக் குமுளியில் வெதுவெதுப்பான காற்றே ஈரத்தால் நிறைந்திருப்பதால் வேறுபாடு குறைந்து, நடக்கிறவர் உள்ளேயே வேர்த்து நனைவார்.

நம்மூரில் இதற்கு ஒரு பழைய விடை உண்டு. சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகினால் கூம்பாக ஒரு முக்காடு வரும். தலையில் போட்டால் முதுகு முழுக்க மூடும். கொங்காணி என்பார்கள். முன்பக்கம் திறந்திருப்பதால் காற்று தாராளமாகப் போய்வரும், இரண்டு கையும் வேலை செய்யும். சாக்கு நனைந்தால் கனக்கும் என்பது மட்டுமே குறை. அதே வடிவத்தை எடை குறைந்த நைலானில் வெட்டி, காற்றில் பறக்காமல் இருக்க இடுப்பில் ஒரு கட்டு வைத்தால், நடக்கிறவருக்கும் ஆடுகிறவருக்கும் விலை உயர்ந்த படலத்தைவிட அது உதவும் என்றே நினைக்கிறேன்.

தோளைப் பற்றிச் சொல்ல ஒரு சின்னச் சோதனை. கடையில் வாங்கிய சாதாரணச் சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். சட்டை மொத்தமும் மேலேறி இடுப்பு வெளியே தெரியும். கை உடம்போடு சேரும் கம்முக்கூட்டில் துணி போதாமல் உடம்புத் துணியை இழுப்பதால் அப்படி. அங்கே சாய்சதுரமாக ஒரு துண்டு வைத்துத் தைத்தால் கை தனியாக எழும். இன்னொரு வழி ராக்லன் கை: தோளில் தையலே இல்லாமல் கழுத்திலிருந்து நேராக இறங்கும் வெட்டு. வாட்டர்லூ போரில் கையிழந்த ராக்லன் பிரபுவின் பெயரால் வழங்குவது. முதலில் சொன்ன தட்டெறி ஆட்டத்துக்கும் இந்தத் தோள் வேண்டும். கலிஃபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் 1975இல் எட் ஹெட்ரிக் முதல் நிரந்தரத் திடலை அமைத்த அந்த டிஸ்க் கோல்ஃப் ஆட்டத்தில், இடுப்பைத் திருப்பிக் கையைப் பின்னுக்கு முழுக்க இழுத்துத்தான் தட்டை எறியவேண்டும். சங்கிலி தொங்கும் கூடைதான் இலக்கு. மரங்களுக்கிடையே மணிக்கணக்கில் நடந்துகொண்டே ஆடுவார்கள். பெரியாறு ஏரியில் மூங்கில் தெப்பம் துழாவுகிறவருக்கும், ஒற்றை மூங்கில் ஏணியில் நின்று மிளகு பறிக்கிறவருக்கும் வேண்டியது அதே தோள்தான். தேக்கடியில் இந்தத் தெப்பங்களுக்கும் நடைகளுக்கும் வழிகாட்டுகிறவர்களில், ஒரு காலத்தில் காட்டுக்குள் திருட்டுத்தனமாக வயன மரத்தின் பட்டையை உரித்தவர்களும் உண்டு. 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுக் குழுவாகச் சேர்ந்து காவலுக்கு மாறியவர்கள். ஒரு உடுப்பு இந்தக் காட்டில் தேறுமா என்று சோதித்துப் பார்க்க அவர்களைவிடத் தகுதியானவர்கள் யார்?

அவர்களுக்கும் முன்பே இந்த மலைக்கான உடுப்பைக் கண்டுபிடித்தவர்கள் வேறு சிலர். விடியற்காலையில் கம்பம், கூடலூர் பக்கத்திலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்ட வேலைக்கு ஏறும் பெண்கள். சேலைக்கு மேலே வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டை. தலையில் துண்டு. இடுப்பைச் சுற்றி பிளாஸ்டிக் விரிப்பு. முள், கொசு, பனி, செடியின் ஈரம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சட்டைதான் விடை. ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து கிளம்பும் சரங்களில், தரையோடு தரையாகக் காய்க்கிறது. காய் எடுக்க நாள் முழுக்க ஈர இலைச் சருகின்மேல் குனிந்தும் குந்தியும் இருக்கவேண்டும். அட்டையின் வாசலிலேயே உட்கார்ந்து செய்யும் வேலை. சுற்றுலா வருகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு மாட்டும் சாக்ஸ், எட்டு மணி நேரம் அங்கே இருப்பவர்களின் காலில் இருக்கவேண்டாமா? அவர்கள் அளவுக்கு வெட்டி, அவர்கள் கூலிக்குக் கட்டுப்படியாகும் விலையில் தைத்த உடுப்பு எதுவும் என் கண்ணில் பட்டதில்லை.

அப்படித் தைக்க முன்வருகிறவர் முதலில் கவனிக்கவேண்டியது ஒரு சட்டைப்பை. ஆண்கள் சட்டையில் பை இடது மார்பில் இருக்கிறது. நின்று வேலை செய்கிறவருக்கு அது சரி. குனிந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சருகில் கொட்டும். அதனால் அட்டைக்கு வைக்கும் உப்பையோ புகையிலையையோ முந்தியில் முடிந்துகொள்கிறார்கள். முந்தியோ சட்டைக்கு அடியில் இருக்கிறது. அட்டை கடிக்கும் நேரத்தில் ஈரக்கையால் சட்டையைத் தூக்கி, முடிச்சைத் தேடி அவிழ்க்க வேண்டியிருக்கிறது. இடது கையின் மேற்புறத்தில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூடி வைத்து ஒரு சின்னப் பை தைத்தால் போதும். காய் எடுக்கும் வலது கை நேராக அங்கே எட்டும், எவ்வளவு குனிந்தாலும் உப்பு கொட்டாது.