நெறி கட்டுவதும் நிணநீர்ப் புற்றும்

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அங்கே வீங்குவது நிணநீர்க் கணு. கிருமிகளை எதிர்க்கும் லிம்போசைட்டுகள் என்னும் வெள்ளணுக்கள் அங்கே பெருகுகின்றன. புண் ஆறியதும் நெறியும் வடிந்துவிடுகிறது. ஆனால் அவ்வணுக்களுள் ஒன்று கட்டுப்பாடிழந்து, தேவையின்றிப் பெருகிக்கொண்டே போனால்? அதுவே லிம்போமா எனப்படும் நிணநீர்ப் புற்று.

1832இல் லண்டன் மருத்துவர் தாமஸ் ஹாட்ஜ்கின் இந்நோயை முதன்முதலில் விவரித்தார். இன்றோ இதில் அறுபதுக்கும் மேற்பட்ட வகைகள் உள்ளன. "இது எதனால் வருகிறது?" என்று கேட்டால், "எந்த வகை?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

கொசுவும் வைரசும்

1957இல் உகாண்டாவின் கம்பாலா நகரில் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர், இரு பக்கத் தாடைகளும் வீங்கிய ஒரு சிறுவனைக் கண்டார். அதே போன்ற கட்டிகளைப் பிற குழந்தைகளிடமும் கண்டு வியந்தார். 1961இல் பழைய மோட்டார் வண்டியொன்றில் ஏறத்தாழ பத்தாயிரம் மைல் சுற்றி, ஆப்பிரிக்க மருத்துவமனைகளில் விசாரித்தார். வெப்பமும் மழையும் மிகுந்த தாழ்நிலங்களில் இந்நோய் அதிகம். குளிர்ந்த மலைப்பகுதிகளில் அரிது என்று தெரிந்தது.

1964இல் எப்ஸ்டைன், அச்சாங், பார் ஆகிய மூவரும் அக்கட்டியின் அணுக்களில் ஒரு வைரசை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டனர். அதுவே எப்ஸ்டைன்–பார் வைரஸ். ஆனால் உலகில் வயது வந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இவ்வைரஸ் உடலில் உண்டே! அப்படியானால் ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு மட்டும் ஏன் இந்தத் துன்பம்? அங்கே துணைபோவது மலேரியா. அடிக்கடி வரும் மலேரியா வைரஸ் புகுந்த அணுக்களை ஓயாமல் பெருகத் தூண்டுகிறது. அவற்றை அடக்கும் காவல் அணுக்களையும் தளர்த்துகிறது. பெருக்கம் மிகுந்தால் பிழையும் மிகும். குரோமோசோம்கள் உடைந்து இடம் மாறி ஒட்டிக்கொள்ளும்போது புற்று பிறக்கிறது.

வயிற்றிலும் தாய்ப்பாலிலும்

இரைப்பையில் வரும் மால்ட் லிம்போமாவின் கதையே வேறு. வயிற்றுப்புண் உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் பாக்டீரியாவே இதற்குப் பெரும்பாலும் தூண்டுகோல். இக்கிருமியைக் கண்டறிந்த வாரனும் மார்ஷலும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். தொடக்க நிலையில் கிருமியை மருந்தால் ஒழித்தாலே பலருக்குப் புற்றும் மறைந்துவிடுகிறது!

ஜப்பானின் தென்மேற்குப் பகுதியில் காணும் டி-அணு லிம்போமாவுக்குக் காரணம் எச்.டி.எல்.வி-1 என்ற வைரஸ். இது பெரும்பாலும் தாய்ப்பால் வழியே குழந்தையை அடைந்து, பல பத்தாண்டுகள் கழித்து, வைரஸ் உள்ளோருள் ஒரு சிலருக்கு மட்டுமே நோயாகிறது. 1987 முதல் நாகசாகியில் கர்ப்பிணிகளைச் சோதித்து, வைரஸ் உள்ள தாய்மாருக்கு மட்டும் மாற்றுப்பால் தர அறிவுறுத்தியதால் தொற்று வெகுவாகக் குறைந்தது.

ஹாட்ஜ்கின் வகை இளமையில் ஒரு முறையும், ஐம்பத்தைந்தைத் தாண்டியபின் மறுமுறையும் கூடுதலாகத் தலைகாட்டுகிறது. எய்ட்ஸ் வைரஸ் உள்ளோரிடமும், மாற்றுச் சிறுநீரகம் பெற்று எதிர்ப்பாற்றலைத் தணிக்கும் மருந்துகளை உண்போரிடமும், வேகமாக வளரும் பி-அணு வகைகள் மிகுதி.

நாம் அறிய வேண்டியது

இவையெல்லாம் வாய்ப்பைக் கூட்டும் காரணிகளே, தலைவிதி அல்ல. நோயுற்றோருள் பலரிடம் எந்தக் காரணியும் தென்படுவதில்லை. ஆகவே "என்ன தவறு செய்தேன்?" என்று நோயாளி மனம் நொந்துகொள்ளத் தேவையில்லை. இப்புற்று தொட்டால் ஒட்டுவதும் அல்ல.

கழுத்திலோ அக்குளிலோ வலியற்ற கட்டி சில வாரங்களாகியும் வடியாமலிருந்தால், காய்ச்சல், இரவு வியர்வை, எடைக் குறைவு ஆகியவை சேர்ந்தால், மருத்துவரிடம் காட்டுங்கள். நம் நாட்டில் காசநோயும் இதே வேடத்தில் வரும். கணுவிலிருந்து சிறிது திசு எடுத்துச் சோதித்தால்தான் எது எதுவென்று தெளிவாகும். வகை தெரிந்தால்தான் வழியும் தெரியும்.